காப்பிக் கணக்கும் வத்தல்மலைக் கொட்டையும்

சிக்கனத்தைப் பற்றி உபதேசிக்க முன்வருகிறவர்கள் முதலில் கைவைப்பது காப்பித் தம்ளரின் மேல்தான். வீட்டு வாடகையைக் குறைக்க நம்மால் ஆகாது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் பேரம் பேச இயலாது. அரிசி பருப்பிலே கையைக் கட்டினால் வயிறு கேட்காது. ஆகவே, நாள்தோறும் இரண்டு மூன்று முறை சட்டைப் பையிலிருந்து நழுவிப் போகும் இந்தச் சில்லறைச் செலவே எளிதில் அகப்படும் குற்றவாளியாகிவிடுகிறது. அமெரிக்காவில் டேவிட் பாக் என்னும் எழுத்தாளர், கடையில் அன்றாடம் குடிக்கும் ‘லாட்டே’ என்ற பால்காப்பிக்காகும் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்தால் முதுமையில் அதுவே பெருஞ்செல்வமாகும் என்று ஒரு சித்தாந்தத்தையே பரப்பினார். வாடகையும் வைத்தியச் செலவும் வானளாவ ஏறுகையில் காப்பியைப் பழித்து என்ன பிரயோஜனம் என்று அவரை மறுத்தவர்களும் அந்த நாட்டிலேயே உண்டு.

இரு கட்சியாரும் காப்பியை ஒரு செலவாக மட்டும் பார்த்தவர்கள். காப்பி தங்கள் ஊர் மலையில் காய்ப்பதைக் கண்டவர்கள் அல்லர். தருமபுரி ஜில்லாவின் நிலைமை அப்படியன்று. மானாவாரி நிலமும், கேழ்வரகும் சாமையும், பாலக்கோட்டுத் தக்காளியும், மாந்தோப்புகளும், வேலை தேடிப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறும் இளைஞர்களுமாகவே இந்த ஜில்லாவை வெளியார் அறிந்திருக்கிறார்கள். இதே ஜில்லாவின் வத்தல்மலையில் காப்பி விளைகிறது என்ற செய்தியோ, அந்த மலையை அன்றாடம் பார்த்துக்கொண்டே கடை வாசலில் நின்று காப்பி குடிப்பவர்களில் பலருக்குக்கூடத் தெரியாது. ஆதலால், காப்பிச் செலவைக் குறைக்கும் வழியை இந்த ஜில்லாவில் ஆராயப் புகுகிறவர், தம்ளரில் தொடங்கி மலை வரைக்கும் ஒரு முறை போய்வருவதே முறை.

காப்பி நமக்குப் பூர்வீகச் சொத்தன்று. பாபா புதன் என்ற ஸூபி பெரியவர் பதினேழாம் நூற்றாண்டில் அரபு நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. நம் பக்கத்துக்கு அது வந்து சேர்ந்தது 1820-க்குப் பிறகு. அப்போது சேலம் ஜில்லாக் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் ஏற்காட்டில் காப்பி பயிரிடச் செய்தார். தருமபுரியும் அந்நாளில் சேலம் ஜில்லாவின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதிதான் தனி ஜில்லாவாயிற்று. ஏற்காட்டுக்கும் வத்தல்மலைக்கும் இடையே இன்று ஜில்லா எல்லை குறுக்கிடுகிறதே தவிர, மண்ணும் குளிர்ச்சியும் மலையாளி என்று வழங்கும் பழங்குடி மக்களும் இரண்டு மலைக்கும் பொதுவே.

தருமபுரி நகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் சுமாருக்கு, கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஏறினால், பால்சிலம்பு, பெரியூர், சின்னாங்காடு முதலிய சிற்றூர்கள் வரும். அண்மை ஆண்டுகளில்தான் அரசுப் பேருந்து இம்மலை ஏறத் தொடங்கிற்று. அதற்கு முன் நடையாகவும், கிடைத்த வண்டியிலுமே மக்கள் போய்வந்தார்கள். நிழல் மரங்களின் கீழே காப்பிச் செடியும், அந்த மரங்களைத் தழுவிக்கொண்டு மிளகுக் கொடியுமாக அங்கே தோட்டங்கள் இருக்கின்றன. கார்த்திகை தொடங்கித் தை வரையில் பழம் பறிக்கும் காலம். ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் கலந்திருக்குமாகையால், சிவந்ததை மட்டும் விரலால் திருகிக் கிள்ளி, மற்றவற்றை அடுத்த பறிப்புக்கு விட்டுவைக்க வேண்டும். கொத்தோடு உருவிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ருசி போய்விடும். பறித்த பழத்தைக் களத்தில் பரப்பி, நாளுக்குப் பல தடவை கிளறிக்கொடுத்து, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயவிடுகிறார்கள். ஒரு பழத்தை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஒலிக்க வேண்டும். அதுதான் காய்ந்ததற்கு அடையாளம். ஆறு கிலோப் பழம் காய்ந்து தோல் நீங்கினால் ஏறத்தாழ ஒரு கிலோப் பச்சைக் கொட்டை தேறும். அதை வறுக்கும்போது மேலும் ஆறில் ஒரு பங்கு எடை குறையும். ஆக, நாம் வாங்கும் ஒரு கிலோச் சுத்தக் காப்பிப் பொடிக்குப் பின்னால் ஏழு கிலோப் பழத்தைக் கிள்ளிய விரல்களின் உழைப்பு இருக்கிறது.

இந்த உழைப்புக்கு என்ன விலை என்பதை ஒரு காலத்தில் அரசு அமைத்த காப்பி போர்டு நிர்ணயித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப் போகவே, 1942-இல் சட்டமியற்றி, விளைந்த காப்பியையெல்லாம் போர்டே பொதுவில் திரட்டி விற்கும் ஏற்பாடு வந்தது. அது படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் முற்றிலும் நீங்கியது. அதன் பின்பு, எங்கோ பிரேசில் நாட்டில் உறைபனி பெய்தாலும் வறட்சி வந்தாலும் நம் வீட்டுப் பொடி டப்பாவின் விலை அசைகிறது. 2021-இல் அங்கே உறைபனி. 2024-இல் கடும் வறட்சி. அந்த ஆண்டே வியட்நாமிலும் மழை பொய்த்தது. 2025 பிப்ரவரியில் அராபிகா வகைக் கொட்டை, உலகச் சந்தையில் பவுண்டு ஒன்றுக்கு 4 டாலரையும் தாண்டிப் போயிற்று. தம்ளர் விலை ஏறியபோது கடைக்காரரைக் கடிந்துகொண்டவர்கள் இதையும் சற்று நினைத்துப் பார்ப்பது நியாயம்.

இனிக் கணக்குக்கு வருவோம். விலைவாசி ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறுமாதலால், வாசகர்கள் தத்தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்; இங்கே உதாரணத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். கடையில் ஒரு காப்பி 15 ரூபாய்; சிக்கரி கலந்த நல்ல பொடி கிலோ 700 ரூபாய்; பால் லிட்டர் 50 ரூபாய்; சர்க்கரை கிலோ 45 ரூபாய். வீட்டில் ஒரு தம்ளருக்கு ஆறு கிராம் பொடி என்றால் 4 ரூபாய் 20 காசு. 90 மில்லி பால் 4 ரூபாய் 50 காசு. எட்டு கிராம் சர்க்கரை 36 காசு. எரிவாயுவுக்கு அரை ரூபாய் போல வைத்தால், மொத்தம் ஒன்பதரை ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். ஏனெனில், வீட்டுக் காப்பிக்கும் கடைக் காப்பிக்கும் வித்தியாசம் ஐந்தரை ரூபாய்தான். பாதி விலையில் முடிந்துவிடும் என்று எண்ணியவர்கள் பாலையும் பொடியையும் மறந்துவிட்டுக் கணக்குப் போட்டவர்கள்.

ஆனால், அந்த ஐந்தரை ரூபாயை அலட்சியம் செய்யவும் கூடாது. வேலைக்குப் போகிற ஒருவர், காலையில் பஸ் ஏறுமுன் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் வீடு திரும்புமுன் ஒன்று என்று மூன்று காப்பி கடையில் குடிப்பவராயின், மாதம் 26 வேலை நாளுக்கு 1,170 ரூபாய் ஆகிறது. காலைக் காப்பியை வீட்டிலேயே குடித்துவிட்டு, பதினோரு மணிக் காப்பியைப் பிளாஸ்கில் எடுத்துச் சென்று, மாலைக் காப்பியை மட்டும் வழக்கம்போல் கடையிலே குடித்தால், மாதம் 286 ரூபாய் மிச்சம். காப்பியோடு கடித்துக்கொள்ளும் வடையில் மாதத்துக்கு இரண்டைக் குறைத்தால் அது 300 ரூபாயைத் தாண்டிவிடும்.

மூன்றாவதையும் ஏன் விட்டுவிடக் கூடாது என்று சிலர் கேட்பார்கள். கூடாது என்பதே என் அபிப்பிராயம். “அண்ணா, ஒரு காப்பி, ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா” என்று தருமபுரி பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில் குரல் கொடுத்துவிட்டு நிற்கிற ஐந்து நிமிஷத்தில், மழை எங்கே பெய்தது, தக்காளி என்ன விலைக்குப் போயிற்று, பெங்களூரில் எந்தக் கட்டடத்துக்கு ஆள் வேண்டுமாம் என்ற சமாசாரங்களெல்லாம் கைமாறுகின்றன. அந்த ஒரு தம்ளரின் விலையில் பாதி காப்பிக்கும் பாதி மனித சகவாசத்துக்கும் போகிறது என்று கொள்ளலாம். அதைக் கிள்ளியெறிந்து சேர்க்கும் பணம் நெடுநாள் நிற்பதுமில்லை. தாகமின்றி, பேச்சுமின்றி, கை சும்மா இருப்பதனால் மட்டும் குடிக்கிற தம்ளர் ஒன்று உண்டே, அதைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் மெய்யான சிக்கனம். அதில் மிச்சமாவது ஐந்தரை ரூபாயன்று, முழுப் பதினைந்து ரூபாய்.

பொடி வாங்குவதில் கவனிக்க வேண்டியது கலவை. நம் நாட்டு உணவுச் சட்டப்படி, காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டும் எத்தனை எத்தனை சதவீதம் என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிடவும் வேண்டும். சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கை வறுத்து அரைத்தது; டிகாக்‌ஷனுக்குக் கருமையும் கொழகொழப்பும் தருவது; விலையில் காப்பியைவிட மலிவு. அளவாகச் சேர்த்தால் குற்றமில்லை. தமிழர் நாக்கு அதற்குப் பழகியும் விட்டது. ஆனால் மலிவான பொட்டலமெல்லாம் மலிவல்ல. 80-க்கு 20 கலந்த பொடி நூறு கிராம் 70 ரூபாய், 60-க்கு 40 கலந்தது 56 ரூபாய் என்றால், பார்வைக்கு இரண்டாவது லாபமாகத் தோன்றும். முன்னதில் 80 கிராம் காப்பி, கிராமுக்கு 88 காசுக்கும் குறைவு. பின்னதில் 60 கிராமே காப்பி, கிராமுக்கு 93 காசு. பொட்டல விலையைக் காப்பியின் கிராமால் வகுத்துப் பார்க்கும் இந்தச் சிறு கணிதத்தைக் கடையிலேயே செய்துவிடலாம். உடனடிக் காப்பித் தூள் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறைப்பு விலையில் தெரிகிறதா என்று பழைய பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் உரிமை.

அடுத்தபடியாக, பொடியை மாதக்கணக்கில் வாங்கி வைப்பது சிக்கனம் போலத் தோன்றும் ஊதாரித்தனம். வறுத்து அரைத்த காப்பியின் மணம் காற்றுப் பட்ட நாளிலிருந்தே போகத் தொடங்கிவிடுகிறது. இரண்டு வாரம் கழிந்த பொடியில் கருமை இருக்கும், மணம் இராது. மணமில்லாத பொடியை ஈடுகட்ட இல்லத்தரசி ஒரு கரண்டி அதிகம் போடுகிறாள். இப்படியே கால் கிலோவில் ஐம்பது கிராம் வீணாகிறது. நூறு நூறு கிராமாகப் புதிதாக அரைத்து வாங்கி, ஈரமற்ற டப்பாவில் இறுக மூடி வைப்பதே லாபம். இயலுமானால் கொட்டையாகவே வாங்கலாம். அது பொடியைவிட அதிக நாள் தாங்கும்.

பில்டரிலும் பணம் ஒளிந்திருக்கிறது. மேல்பாத்திரத்தில் பொடியைப் போட்டு, மேலே தட்டை வைத்துச் சற்றே அமுக்கினால் போதும். அழுத்தித் திணித்தால் நீர் இறங்காது, தளர விட்டால் வந்த வேகத்தில் ஓடிவிடும். இரண்டிலும் சாரம் முழுமையாக இறங்குவதில்லை. கொதித்து அடங்கிய நீரை முதலில் கொஞ்சமாகத் தெளித்து, பொடி ஊறி உப்பிய பிறகு மீதியை ஊற்றி மூடிவிட்டால், கால் மணி நேரத்தில் திடமான முதல் டிகாக்‌ஷன் இறங்கும். அதைக் காலைக் காப்பிக்கும் விருந்தினருக்கும் வைத்துக்கொண்டு, மீண்டும் வெந்நீர் விட்டு இறக்கும் இரண்டாம் டிகாக்‌ஷனை முதலோடு சிறிது கலந்து பிற்பகலுக்கு உபயோகிப்பது நம் பாட்டிமார் கண்ட முறை. ஆறிப்போன டிகாக்‌ஷனை அடுப்பில் நேராக ஏற்றிக் கொதிக்கவிடக் கூடாது. பாலைக் கொதிக்கச் செய்து அதில் டிகாக்‌ஷனை விட்டால் சூடும் வரும், மணமும் நிற்கும். பிளாஸ்கில் கொண்டுபோகும் காப்பியையும் சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பால் கலந்தது நெடுநேரம் அடைபட்டிருந்தால் ருசி மாறிவிடும்.

தம்ளரின் செலவில் ஏறத்தாழப் பாதி பால் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டியது. ஆகவே, நாளில் ஒரு வேளையாவது பாலில்லாமல் குடிக்கப் பழகினால் அந்த வேளைச் செலவு பாதியாகிவிடும். இது நமக்குப் புதிதன்று. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வெல்லம் தட்டிப்போட்டுக் குடித்துவந்த கடுங்காப்பி இதுதான். கரும்பு விளைந்து வெல்லம் காய்ச்சப்படும் ஜில்லா இது. கடகத்தூர்ச் சந்தையில் வெல்லம் ஏலம் போகிறது. மலைக் காப்பியும் சமவெளி வெல்லமும் ஒரே ஜில்லாவில் கிடைக்கும் பாக்கியம் எத்தனை ஊருக்கு உண்டு? சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லமும் சர்க்கரையே என்பதை மட்டும் மறவாதிருக்கக் கடவர்.

மிச்சமான 300 ரூபாய் பையிலேயே கிடந்தால், மாலைக்குள் வேறொரு கடைக்கு வழி கண்டுபிடித்துப் போய்விடும். தபாலாபீஸின் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். 2023 அக்டோபரில் அதற்கு அறிவிக்கப்பட்ட 6.7 சதவீத வட்டியில் மாதம் 300 ரூபாய் கட்டினால், ஐந்தாண்டில் நாம் போடுவது 18,000. திரும்ப வருவது ஏறத்தாழ 21,400. இதனால் யாரும் செல்வந்தராகிவிடப் போவதில்லை. ஆயினும், பள்ளி திறக்கும் மாதத்திலும், வீட்டில் ஒருவர் நோயுற்ற வேளையிலும், வட்டிக் கடைக்குப் போகாமல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற அந்தத் தொகை போதும்.

சிறுசேமிப்பைப் பற்றித் தருமபுரிக்கு வெளியூரார் பாடம் சொல்லத் தேவையுமில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கத்தை அரசு முதன்முதலாகத் தொடங்கியது, பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, 1989-இல் இதே ஜில்லாவில்தான். வாரந்தோறும் சில ரூபாய்களைப் பொதுவில் வைத்து, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கிய அந்தப் பெண்களின் பழக்கம் இங்கிருந்தே மாநிலமெங்கும் பரவிற்று. காப்பித் தொழிலிலும் கூட்டு முயற்சிக்கு முன்மாதிரி இருக்கிறது. காப்பி போர்டு தன் காப்பி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த தொழிலாளர், கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே அவற்றை நடத்தி, சாமானியருக்கு எட்டும் விலையில் காப்பி கொடுத்துவந்தார்கள்.

இவ்விரண்டு அனுபவங்களையும் வத்தல்மலையில் ஒன்றுசேர்ப்பதே செய்யத்தக்க காரியம். மலையில் காய்த்த கொட்டை, பச்சையாகவே மூட்டை கட்டப்பட்டு வியாபாரி கைக்குப் போய், வேறெங்கோ வறுபட்டு, சிக்கரி சேர்ந்து, பளபளக்கும் உறைக்குள் புகுந்து, அதே அடிவாரத்துக் கடைக்குத் திரும்பி வருவதில், விளைவித்தவருக்கும் லாபமில்லை, குடிப்பவருக்கும் லாபமில்லை. ஒரு வறுவல் இயந்திரமும் ஓர் அரவை இயந்திரமும் இருந்தால், மகளிர் குழுவொன்று அந்தக் கொட்டையை இங்கேயே வறுத்து, கலவையின் விகிதத்தை நேர்மையாக அச்சிட்டு, உழவர் சந்தையில் நூறு நூறு கிராமாக விற்க முடியும். ஜில்லா நிர்வாகமும் கூட்டுறவு வங்கிகளும் அதற்கு வேண்டிய கடனுதவியைச் செய்வது கடமை. வாசகர்களின் கடமையோ, அடுத்த முறை பொடி வாங்கும்போது ‘வத்தல்மலைக் கொட்டை இருக்கிறதா?’ என்று கடைக்காரரைக் கேட்பது. பத்துப் பேர் கேட்டால், பதினோராவது நாள் அது கடைக்கு வந்துவிடும்.